ஓரத்தில் இரண்டு சொல்

சாவி என் கழுத்தில்தான் கிடந்தது,
செபமாலைக் கயிற்றோடு.
அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

இரவு பத்தரைக்கு
ஊரின் எல்லாத் தொலைபேசிகளும் ஒருமிக்க முனகின.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் ஆண்டு
ஞானஸ்நான இடாப்பில் ஒரு பக்கம்.
பக்கம்கூட இல்லை, பக்கத்தின் மூலை.
சந்தியோகு என்றொரு குழந்தையின் பெயர்.
அதற்கு நேரே, ஓரத்தில்,
பிரெஞ்சுக்காரச் சுவாமியின் சாய்ந்த கையெழுத்தில்
இரண்டு லத்தீன் சொல்:
சுப் கொந்திசியோனே.
சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.
கீழே தமிழில்: "நிபந்தனையின் பேரில்."

மொழிபெயர்ப்பில் பிழையில்லை.
அதுதான் கொடுமை.

என்ன நிபந்தனை என்பதைப்
பாலம்பிட்டியில் ஆரோ சேர்த்தார்கள்:
வேதத்துக்கு வந்தால் வயல்.
பண்டிவிரிச்சானில் அது ஐந்து ஏக்கர்.
மாங்குளம் சந்தி கடக்கையில் எட்டு.
கனடாவுக்குப் போய்த் திரும்பியபோது
அடியில் ஒரு முத்திரையும் முளைத்திருந்தது.

மத்தலேனுக்குச் சந்தியோகு பூட்டன்.
உரமானியப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
வாய்க்கால் முறை வந்தபோது
அவள் வரம்பை மட்டும் தண்ணீர் மறந்துபோனது.
ஞாயிறு பூசையில்
அவள் வாங்கில் அவள் மட்டும்.

மூன்று முறை வந்தாள்.
"அந்தப் புத்தகத்தை ஒருக்கால் பாக்கலாமோ?"
"ஆயரில்லத்துக் கடிதம் வேணும்."
"படம் பிடிச்ச ஆளுக்கு ஆர் கடிதம் குடுத்தது?"
நான் மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவினேன்.
போன வருடம் ஓடு மாற்றும்போது
அலுமாரி மூன்று நாள்
விறாந்தையில் வாய் பிளந்து நின்றது.
அப்போது ஒருவரும் கடிதம் கேட்கவில்லை.

மூன்றாம் முறை அவள் போன இரவு
திறந்தேன்.
உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி
இடம்பெயர்ந்து போய் வந்த புத்தகம்.
நடு மடிப்பில் இன்னும் மணல்.
எந்தக் கரையினது என்று கேட்கவேண்டாம்.

விரலை ஓரத்திலேயே வைத்து இறங்கினேன்.
அடுத்த பக்கத்தில் மூன்று.
அதற்கடுத்ததில் ஐந்து.
காய்ச்சல் வருடம் முழுக்க நாற்பத்தொன்று.
உரச்சங்கச் செயலாளரின் பூட்டிக்கு அதே இரண்டு சொல்.
என் தகப்பனின் பாட்டன் மிக்கேலுக்கும் அதே.
ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்றால்
எங்கள் வயல் எங்கே, மிக்கேல்?

பின்னட்டையில் ஒட்டிய தாளில்
உபதேசியாருக்கு எழுதிய குறிப்பு:
சாகப்போகிறதென்று பயந்து
மருத்துவிச்சி வீட்டிலேயே தண்ணீர் வார்த்த பிள்ளை
பிழைத்துக் கோவிலுக்கு வருமாகில்,
முன் வார்த்தது செல்லுமோ செல்லாதோ என்று
ஐயமிருக்குமாகில்,
சுவாமியார் சொல்லவேண்டியது:
"நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தாயேயாகில்..."

ஆகில்.
அவ்வளவுதான் நிபந்தனை.

ஞாயிறு பூசை முடிய
புத்தகத்தை விறாந்தை மேசையில் விரித்து வைத்தேன்,
கடிதமில்லாமல்.
ஒன்பது பேர் வந்தார்கள்.
எட்டுப் பேர் தங்கள் தங்கள் பெயரைத் தேடினார்கள்.
ஒருவன் நான் பக்கம் புரட்டுவதைப் படம் பிடித்தான்.
பின்னேரம் அதுவும் வந்து சேர்ந்தது,
"இடாப்பைத் திருத்துகிறார்கள்" என்ற தலைப்போடு.

எல்லாரும் போனபிறகு மத்தலேன்.
குனிந்து, மையில் படாமல்
விரலைச் சற்று மேலே பிடித்துக்கொண்டு
அந்தக் குறிப்பை இரண்டு தரம் வாசித்தாள்.
"அப்ப சுவாமிக்கும் தெரியேல்லையோ?"
"தெரியேல்லை."
"தெரியாததையும் எழுதி வச்சிருக்கிறார்," என்றாள்,
ஏதோ கடன் தீர்ந்தவள்போல.
பிறகு,
"வாய்க்காலைப் பாக்கவேணும்" என்று
செருப்பைத் தேடிப் போனாள்.

நாளைக்குச் சாவியை ஒப்படைக்கட்டாம்.
ஒப்படைப்பேன்.
பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்வேன்,
ஓரம் விட்டு.